மெக்சிகோக்காரர்கள் சாவைப் பார்த்துச் சிரிக்கிறார்களா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு மெக்சிகோ அணியோடு தினமும் வேலை பார்க்கிறீர்கள். மே 5 அன்று "சுதந்திர தின வாழ்த்துகள்" என்று அனுப்பினீர்கள், அந்தப் பக்கம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போது நவம்பர் வருகிறது. இறந்தோர் தினம் என்கிறார்களே, அது ஆஸ்டெக் பண்டிகையா கிறிஸ்தவப் பண்டிகையா, அவர்கள் நிஜமாகவே சாவைப் பார்த்துச் சிரிக்கிறவர்களா, மற்ற பண்டிகைகளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறீர்கள். எந்த நாளில் யாரிடம் என்ன சொன்னால் மரியாதையாக இருக்கும் என்பதுதான் இதற்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. ஸ்பானிய காலனிய வரலாறு என் படிப்பு. மெக்சிகோ நகரத்திலும் பியூப்லாவிலும் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். அதனால் நான் சொல்வது பெரும்பாலும் மத்திய மெக்சிகோவின் கதை, வடக்கு எல்லை மாநிலங்களின் வாழ்க்கை வேறு மாதிரி, அங்கே இறந்தோர் தினம் வெகுகாலம் இவ்வளவு பெரிதாகக் கொண்டாடப்பட்டதே இல்லை.

முதலில் மே 5-ஐ முடித்துவிடுவோம். 1862-ல் அந்தத் தேதியில் பியூப்லா நகரத்துக்கு வெளியே, இக்னாசியோ சரகோசா என்ற தளபதியின் படை பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. அவ்வளவுதான், சுதந்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சொல்லப்போனால் அடுத்த வருடமே பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து பியூப்லாவைப் பிடித்து, 1864-ல் மாக்ஸிமிலியன் என்ற ஆஸ்திரிய இளவரசரைப் பேரரசராக உட்கார வைத்தார்கள், அவரை மெக்சிகோக்காரர்கள் சுட்டுக் கொல்ல 1867 ஆயிற்று. மே 5-ஐப் பெரிய கொண்டாட்டமாக ஆக்கியது கலிஃபோர்னியாவில் இருந்த மெக்சிகோக்காரர்கள். 1860-களிலேயே அங்கே தொடங்கிவிட்டது, ரொம்பப் பின்னால் பீர் கம்பெனிகள் அதை அமெரிக்கா முழுக்கக் கொண்டு போனார்கள். மெக்சிகோவுக்குள் பியூப்லாவில் அணிவகுப்பு நடக்கும், மற்ற ஊர்களில் பெரும்பாலோர் வழக்கம்போல வேலைக்குப் போவார்கள். ஆகவே உங்கள் வாழ்த்து யாரையும் புண்படுத்தியிருக்காது, என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் விட்டிருப்பார்கள்.

சரி, இறந்தோர் தினம். உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். நவம்பர் 1, 2 என்ற தேதிகள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. ஒன்றாம் தேதி சகல புனிதர்கள் நாள், இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். இந்த இரண்டாவதை, சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன், பிரான்சில் க்ளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ தன் மடங்களில் ஏற்படுத்தினார், அங்கிருந்து கத்தோலிக்க உலகம் முழுக்கப் பரவியது. கல்லறையைச் சுத்தம் செய்வது, விளக்கேற்றுவது, ஆன்மாக்களின் பெயரில் ரொட்டி செய்து கொடுப்பது எல்லாம் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் இருந்த வழக்கங்கள்தான். மெக்சிகோவில் ஒன்றாம் தேதி செத்துப்போன குழந்தைகளுக்கு, இரண்டாம் தேதி பெரியவர்களுக்கு. சில ஊர்களில் விபத்திலோ கொலையிலோ போனவர்களுக்கு அக்டோபர் 28-லேயே மேசை தயாராகிவிடும்.

அதே அளவு உறுதியான இன்னொன்று, ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே நாவா மக்களிடம் (ஆஸ்டெக்குகளும் இவர்களில் ஒரு பிரிவுதான்) இறந்தவர்களுக்கான விழாக்கள் இருந்தன. அவர்களுடைய 18 மாத ஆண்டில் இரண்டு மாதங்கள் அடுத்தடுத்து இதற்கென்றே வரும், ஒன்று சின்னவர்களுக்கு, ஒன்று பெரியவர்களுக்கு. நம் கணக்கில் கிட்டத்தட்ட ஆகஸ்ட். டியேகோ டூரான் என்ற டொமினிக்கன் துறவி 1570-களில் எழுதும்போது, சகல புனிதர்கள் நாளில் குழந்தைகளுக்கும் மறுநாள் பெரியவர்களுக்கும் இவர்கள் படையல் வைப்பதைப் பார்த்துச் சந்தேகப்படுகிறார். பழைய விழாவை அப்படியே தூக்கி நம் தேதிக்கு மாற்றிக்கொண்டு, தேவாலயத்துக்கு வருவது போல் நடிக்கிறார்களோ என்பது அவர் கவலை. 1521-ல் ஆஸ்டெக் தலைநகரம் டெனோச்டிட்லான் ஸ்பானியர்களிடம் விழுந்து ஐம்பது அறுபது வருடங்கள்தான் ஆகியிருந்த சமயம் அது என்பதால் இந்தக் குறிப்புக்கு எடை அதிகம்.

இனி சந்தேகத்துக்கு உரிய பகுதி. "மூவாயிரம் வருடப் பழமையான ஆஸ்டெக் பண்டிகை" என்று சுற்றுலா விளம்பரங்களில் வருவதை நம்பாதீர்கள், ஆஸ்டெக் அரசுக்கே அவ்வளவு வயது கிடையாது. மறுபக்கம் எல்சா மால்விடோ போன்ற மெக்சிகோ வரலாற்றாய்வாளர்கள் இது அடிமுதல் நுனிவரை இடைக்கால ஐரோப்பியக் கத்தோலிக்க வழக்கம்தான், 1910 புரட்சிக்குப் பிறகு வந்த அரசாங்கங்களும் அறிவுஜீவிகளும் தேசிய அடையாளம் தேடும்போது அதற்குப் பூர்வகுடிச் சாயம் பூசினார்கள் என்று வாதாடினார்கள். இந்த வாதத்தில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடு. சாயம் பூசியது நடந்திருக்கிறது, ஆவணம் இருக்கிறது. ஆனால் அடியில் ஒன்றுமே இல்லை என்பதை ஏற்க முடியவில்லை, அதற்குக் காரணம் டூரான் மட்டும் இல்லை, படையல் மேசையும்தான்.

பியூப்லாவில் நான் வழக்கமாகப் பார்த்த மேசையைச் சொல்கிறேன். கூடத்துச் சுவரை ஒட்டி ஒரு மேசை, அதன்மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் படி மாதிரி செய்து வெள்ளைத் துணி போர்த்தியிருப்பார்கள். மேலே ஊதாவும் கத்தரிப்பூ நிறமுமாக மெல்லிய காகிதத் தோரணம், எலும்புக்கூடு உருவங்களை உளியால் வெட்டி எடுத்தது. மேல்படியில் போனவர்களின் புகைப்படங்கள், பக்கத்தில் குவாடலூப்பே மாதா படம். கீழே மண்ணாலான மூன்று கால் தூபக்காலில் கொபால் பிசின் புகையும், அந்த வாசனை ஒரு வாரத்துக்கு வீட்டை விட்டுப் போகாது. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், ஏனென்றால் அவ்வளவு தூரம் நடந்து வருகிறவர் தாகமாக இருப்பார். ஒரு கிண்ணத்தில் உப்பு. எலும்பு மாதிரி மாவை உருட்டி ஒட்டி மேலே சர்க்கரை தூவிய, ஆரஞ்சுப்பூ மணக்கும் ரொட்டி. அப்புறம் போனவருக்குப் பிடித்தது: மோலே என்ற மிளகாய்ச் சாந்துக் குழம்பு ஊற்றிய கோழிக்கறி, ஒரு பாட்டில் கோக்கோ கோலா, ஒரு சிகரெட் பாக்கெட், தாத்தா குடிக்கும் மெஸ்கல் சாராயம். வாசலிலிருந்து மேசை வரை பூவிதழால் பாதை போட்டிருப்பார்கள், வழி தெரியாமல் போய்விடக்கூடாதே என்று. மறுநாள் டம்ளரில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தால் காட்டுவார்கள், பார், வந்து குடித்திருக்கிறார் என்று. சாப்பாட்டை எடுத்துச் சாப்பிடும்போது ருசி குறைந்திருக்கிறது, மணத்தை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பார்கள்.

இந்த மேசையைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. கோதுமையும் கரும்பும் கோழியும் ஸ்பானியர்கள் கொண்டு வந்தவை, ஆகவே அந்த ரொட்டியோ புகழ்பெற்ற சர்க்கரை மண்டையோடோ ஆஸ்டெக் காலத்தில் இருந்திருக்கவே முடியாது. கொபால், சோளத்தில் செய்யும் தமால், கொக்கோ, மிளகாய் எல்லாம் அந்த மண்ணுடையவை. அந்தப் பூவும் அப்படித்தான். செம்பசூச்சில் என்கிறார்களே, அது வேறு எதுவுமில்லை, நம் பூக்கடைகளில் கிலோக் கணக்கில் விற்கும் செண்டுமல்லி, துலுக்கச் சாமந்தி என்றும் சொல்வோம். மெக்சிகோதான் அதன் பூர்வீகம், அங்கிருந்து கடல் தாண்டித்தான் நம் மாலைகளுக்குள் வந்தது. அக்டோபர் கடைசியில் பியூப்லாவின் அட்லிஸ்கோ பக்கம் போனால் வயல் வயலாக அதே ஆரஞ்சு நிறம். கூடவே கருஞ்சிவப்புக் கோழிக்கொண்டைப் பூவும் கட்டுக்கட்டாகச் சந்தைக்கு வரும். ஆக, தேதி தேவாலயத்துடையது, மேசையில் இருப்பது இரண்டு பக்கத்துப் பொருளும். இறந்தவர் வருடத்தில் ஒரு தரம் விருந்தாளியாக வீட்டுக்கே வருகிறார் என்ற நம்பிக்கை எந்தப் பக்கத்துடையது என்று கேட்டால், இரண்டு பக்கமும் உரிமை கொண்டாட இடமிருக்கிறது என்பதுதான் நேர்மையான பதில். ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: நாவா மக்களிடம் ஒருவர் செத்த பிறகு எங்கே போவார் என்பதை அவர் வாழ்ந்த விதம் தீர்மானிக்காது, செத்த விதம்தான் தீர்மானிக்கும். போரில் மாண்டவர்களும் பிரசவத்தில் இறந்த பெண்களும் சூரியனோடு போவார்கள், நீரில் மூழ்கியவர்கள் மழைக்கடவுளிடம், மற்றவர்களில் பெரும்பாலோர் நான்கு வருடம் நடந்து மிக்ட்லான் என்ற பாதாள உலகத்துக்கு. விபத்தில் போனவருக்கு, குழந்தைக்கு, பெரியவருக்குத் தனித்தனி நாள் என்ற இன்றைய வழக்கத்தைப் பார்க்கும்போது அந்தப் பழைய கணக்கின் சாயல் தெரிவதாக எனக்குத் தோன்றும். தோன்றுவது மட்டும்தான், நிரூபணம் இல்லை.

ஒரே பண்டிகை ஊருக்கு ஊர் எவ்வளவு மாறும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மிச்சோகானில் பாட்ஸ்குவாரோ ஏரிக்கரையின் பூரெபெச்சா ஊர்களில் இரவு முழுக்கக் கல்லறையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். மெக்சிகோ நகரத்தின் தெற்கே மீஸ்கிக்கில் நவம்பர் 2 சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவத்தி வெளிச்சம். பியூப்லாவின் ஊவாகெச்சூலாவில் அந்த வருடம் சாவு விழுந்த வீடுகளில் மட்டும் கூரையைத் தொடும் உயரத்துக்கு வெள்ளைச் சாட்டின் துணியில் அடுக்கடுக்காகப் படையல் எழுப்புவார்கள், ஊரே வரிசையில் போய்ப் பார்த்து, கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு வரும். காம்பேச்சே மாநிலத்தின் பொமுச் என்ற மாயா ஊரில் சில வருடங்கள் கழித்துக் கல்லறையைத் திறந்து எலும்புகளை எடுத்து, ஒவ்வொன்றாகத் துடைத்து, பெயர் எழுதிப் பூவேலை செய்த புதுத் துணி விரித்த பெட்டியில் வைப்பார்கள், பிறகு வருடா வருடம் துணி மாற்றுவார்கள். முதல் தடவை பார்க்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். செய்கிறவர்களுக்கு அது தாத்தாவுக்குத் துணி மாற்றிவிடுவது, அவ்வளவுதான்.

அப்படியானால் சாவைப் பார்த்துச் சிரிக்கிறார்களா? சிரிக்கும் எலும்புக்கூடு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அகலத் தொப்பி வைத்த பெண் எலும்புக்கூடு, கத்ரீனா, பார்த்திருப்பீர்கள். அதைச் செதுக்கியவர் ஹோசே குவாடலூப்பே போசாடா, மலிவு விலைத் தாள்களுக்குப் படம் போட்ட அச்சுக்கலைஞர், 1913-ல் ஏழையாகச் செத்தார். அவர் கேலி செய்தது சாவை அல்ல. தன் பூர்வகுடி ரத்தத்தை மறைத்துக்கொண்டு ஐரோப்பிய நாகரிகம் காட்டித் திரிந்த ஆட்களைக் கேலி செய்தார். 1947-ல் டியேகோ ரிவேரா தன் சுவரோவியத்தில் அந்தத் தலைக்கு உடம்பும் உடையும் கொடுத்தார், அதன் பிறகே அது நாட்டின் சின்னம் ஆயிற்று. மெக்சிகோ நகரத்தின் பிரம்மாண்டமான எலும்புக்கூடு ஊர்வலம் 2016-ல்தான் தொடங்கியது, அதுவும் முந்தைய வருடம் வந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அப்படி ஒரு ஊர்வலம் காட்டினார்கள் என்பதற்காக. ஆட்சியில் இருப்பவர்களையும் நண்பர்களையும் செத்துப்போனதாகப் பாவித்துக் கிண்டல் பாட்டு எழுதும் வழக்கம் உண்மையானது, பழையது, உங்கள் அணியிலேயே யாராவது மேலாளரைப் பற்றி எழுதக்கூடும். ஆக சிரிப்பு இருக்கிறது. ஆனால் அது உயிரோடு இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பது. சொந்தப் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. மெக்சிகோவில் காணாமல் போனவர்கள் என்று அரசுப் பதிவேட்டிலேயே 1,00,000-க்கும் அதிகமானவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாய்மார்களில் பலர் பிள்ளையின் படத்தைப் படையல் மேசையில் வைக்க மறுக்கிறார்கள், வைத்தால் செத்துவிட்டான் என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால். சாவைப் பொருட்படுத்தாத ஜனங்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

மற்ற பண்டிகைகளில் மிகப் பெரியது டிசம்பர் 12, குவாடலூப்பே மாதா நாள். 1531-ல் டெபெயாக் குன்றில் ஹுவான் டியேகோ என்ற பூர்வகுடிக்காரருக்கு மாதா காட்சி கொடுத்தார் என்பது நம்பிக்கை. அந்தக் கதையை விவரமாகச் சொல்லும் அச்சு நூல்கள் 1648, 1649-ல்தான் வருகின்றன, இடையில் நூற்றுச் சொச்சம் வருட இடைவெளி. ஹுவான் டியேகோ உண்மையில் வாழ்ந்தாரா என்று அந்தக் குன்றடியில் இருக்கும் குவாடலூப்பே மாதா பேராலயத்தின் தலைமைக் குருவே 1990-களில் ஐயம் தெரிவித்துப் பதவியை விட்டார், 2002-ல் போப்பாண்டவர் ஹுவான் டியேகோவைப் புனிதராகவும் அறிவித்தார். அதே குன்றில் முன்பு டொனான்ட்சின் என்ற தாய்த்தெய்வத்தை வணங்கினார்கள், இப்போதும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வருகிறார்கள் என்று பெர்நார்டினோ டே சாகூன் என்ற பிரான்சிஸ்கன் துறவி 16-ஆம் நூற்றாண்டிலேயே எரிச்சலோடு எழுதினார். இந்த வாதமெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு. முழங்காலிட்டபடியே பேராலயத்துக்கு நகர்ந்து வருகிற ஒரு பெண்ணுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அவர் தன் நேர்த்திக்கடனை முடிக்க வந்திருக்கிறார். 1810-ல் இதால்கோ பாதிரியார் ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான கலகத்துக்குக் கொடியாகப் பிடித்ததும் இந்த மாதா படத்தைத்தான், அதனால் தேவாலயத்துக்கே போகாதவர்களிடமும் பேச்சில் கவனமாக இருங்கள்.

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவு போசாடாஸ். 1587-ல் மெக்சிகோ நகரத்துக்கு வடக்கே அகோல்மான் மடத்து அகஸ்தீனியத் துறவிகள் போப்பிடம் அனுமதி வாங்கி நடத்திய கிறிஸ்துமஸ் முன்பூசைகளில் தொடங்கியது. சூசையும் மரியாளும் தங்க இடம் கேட்டு அலைந்ததை நடித்துக் காட்டுவது. தெருவில் பாதிப் பேர் இடம் கேட்டுப் பாடுவார்கள், வீட்டுக்குள் மீதிப் பேர் முடியாது போ என்று பாடுவார்கள், கடைசியில் கதவு திறந்ததும் சூடான பழப் பானமும் தமாலும், தின்பண்டம் அடைத்துத் தொங்கவிட்ட பினியாட்டாவைக் கோலால் அடித்து உடைப்பதும். பினியாட்டாவின் ஏழு கூம்பும் ஏழு பாவங்கள் என்பார்கள், உள்ளிருந்து கடலையும் கரும்புத் துண்டும் ஆரஞ்சும் கொட்டியதும் குழந்தைகள் பாவத்தையெல்லாம் மறந்துவிடும். ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் நாள், வளைய ரொட்டி வெட்டும்போது யார் துண்டில் குழந்தை பொம்மை வருகிறதோ அவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமால் வாங்கித் தரவேண்டும். இது அலுவலகங்களிலும் கறாராக நடக்கும், பொம்மையை விழுங்கி மறைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. சோச்சிமில்கோவில் நின்யோபா என்ற மரத்தாலான குழந்தை இயேசு சிலை ஒவ்வொரு வருடமும் ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கும், பிப்ரவரி 2-ல் வீடு மாறும், அந்த முறைக்காகக் குடும்பங்கள் பல வருடம் முன்பே பெயர் கொடுத்துச் சேமித்துக் காத்திருக்கின்றன. வருடம் முழுக்க வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடவேண்டும், செலவு கொஞ்ச நஞ்சமில்லை.

நீங்கள் கேட்ட அர்த்தம் என்று ஒன்று இருந்தால் இதில் இருக்கிறது என்பது என் எண்ணம். செத்தவர், கடவுளின் தாய், குழந்தை இயேசு, அக்கம்பக்கத்தார் என்று யாரோ ஒருவர் வாசலுக்கு வருகிறார், அவரை உள்ளே அழைத்துச் சாப்பாடு போடும் முறை இப்போது உங்களுடையது. அந்த முறையைத் தட்டிக்கழிப்பதுதான் அங்கே பெரிய அவமானம். பூசைக்குப் போகாதவரும் படையல் மேசை போடுவது எனக்கு இப்படித்தான் புரிகிறது.

சுதந்திர தினம் செப்டம்பர் 16. 1810-ல் டோலோரெஸ் என்ற ஊரில் விடியற்காலையில் இதால்கோ தேவாலய மணியடித்து மக்களைத் திரட்டிய நாள். 15-ஆம் தேதி இரவு 11 மணிக்குக் குடியரசுத் தலைவர் தேசிய மாளிகை மாடத்தில் நின்று முழங்குவார், மேலே தொங்குவது அதே டோலோரெஸ் மணி, 1896-ல் கொண்டு வந்து மாட்டியது. அந்த மாதம் பியூப்லாவில் பெரிய பச்சை மிளகாய்க்குள் கறியும் பழமும் அடைத்து, வெள்ளை வால்நட் சாந்து ஊற்றி, மாதுளை முத்து தூவிய சீலேஸ் என் நொகாடா கிடைக்கும், கொடியின் மூன்று நிறமும் ஒரே தட்டில்.

உங்கள் வேலைக்கு ஒரு தகவல். தொழிலாளர் சட்டப்படி கட்டாய விடுமுறைப் பட்டியலில் மத சம்பந்தமான நாள் டிசம்பர் 25 மட்டும்தான். நவம்பர் 2-ம் டிசம்பர் 12-ம் அதில் கிடையாது, வங்கிகள் மூடியிருக்கும், பல நிறுவனங்கள் தாமாகவே விடுமுறை விடும், அதனால் உங்கள் நாட்காட்டியில் காட்டாவிட்டாலும் முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். டிசம்பர் 12-லிருந்து ஜனவரி 6 வரையிலான விருந்து வரிசைக்குக் குவாடலூப்பே–ரெயேஸ் மாரத்தான் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், அதற்கு நடுவில் கெடு எதுவும் வைக்காதீர்கள். செப்டம்பர் 15 மாலை தாராளமாக வாழ்த்துங்கள். நவம்பர் தொடக்கத்தில், இந்த வருடம் யாருக்காகப் படையல் வைக்கிறீர்கள் என்று கேட்டாலே போதும். பெரும்பாலோர் சந்தோஷமாகப் படம் அனுப்பி, இது என் பாட்டி, இவருக்கு இந்தப் பலகாரம் பிடிக்கும் என்று சொல்வார்கள். அந்த வருடமே வீட்டில் சாவு நடந்தவரிடம் மட்டும் தனியாகப் பேசுங்கள், குழுவில் எலும்புக்கூடு ஸ்டிக்கர் போடுவதற்கு முன்.